மாநில அளவில் உள்நாட்டுப் பாதுகாப்பு ஆய்வுக் கூட்டமைப்பு: எங்கிருந்து தொடங்குவது?

நெல்மணி

வணக்கம். அமெரிக்க நடுமேற்கு மாநிலம் ஒன்றில் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள், ஒரு தனியார் பல்கலைக்கழகம், ஒரு மருத்துவக் கல்லூரி, மூன்று சமுதாயக் கல்லூரிகள் சேர்ந்து உள்நாட்டுப் பாதுகாப்பு ஆய்வுக்கென ஒரு மாநிலக் கூட்டமைப்பு தொடங்கப் பேசி வருகின்றன. ஆளுநர் அலுவலகத்துக்கு ஆர்வம் உண்டு, பணம் இன்னும் யாரும் ஒதுக்கவில்லை. வரைவு எழுத வேண்டும். நான்கு சந்தேகங்கள்.

தனி லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்வதா, ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் மையமாக வைப்பதா? மாநிலத்துக்கு ஆண்டுதோறும் வரும் உள்நாட்டுப் பாதுகாப்பு மானியத்தை ஆய்வுக்குப் பயன்படுத்த முடியுமா? உறுப்பு நிறுவனங்களுக்கு இடையே என்னென்ன ஒப்பந்தம் வேண்டும்? முதல் ஆண்டில் எதற்கு முன் எதைச் செய்ய வேண்டும்? இந்த வேலையை அருகிலிருந்து அறிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பனிமலை

சட்ட வடிவத்துக்கு முன்னால் ஆய்வுப் பொருளை முடிவு செய்யுங்கள். "உள்நாட்டுப் பாதுகாப்பு" என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு தொடங்கினால் ஏழு நிறுவனங்களும் தங்களிடம் ஏற்கெனவே இருப்பதைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். அந்தப் பட்டியலை வைத்து ஒரு மானியமும் வாங்க முடியாது.

2002 உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 308ஆம் பிரிவில் பல்கலைக்கழக மையங்களுக்கான தகுதிகள் இருக்கின்றன. முதல்நிலை மீட்பாளர் பயிற்சி, கால்நடை மற்றும் பயிர் நோய் ஆய்வகத் தொடர்பு, உணவுப் பாதுகாப்பு, குடிநீர், துறைமுகம், தகவல் பாதுகாப்பு என்று நீளும். ஒரு மாநிலம் அத்தனையிலும் சிறந்திருக்க முடியாது. மத்திய அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை பல்கலைக்கழகங்களில் சிறப்பு மையங்களைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு மையத்துக்கு ஒரு பொருள்தான் கொடுத்தது. 2003 இறுதியில் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குப் பயங்கரவாதத்தின் ஆபத்து, பொருளாதாரக் கணிப்பு. 2004இல் டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு அயல்நாட்டுக் கால்நடை நோய், மினசோட்டாவுக்கு உணவுச் சங்கிலி. மூன்றாண்டுகளுக்கு முறையே 1.2 கோடி, 1.8 கோடி, 1.5 கோடி டாலர்.

உங்கள் மாநிலத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2005 ஜனவரி 6 அன்று தென் கரோலினாவின் கிரானிட்வில்லில் சரக்கு ரயில் மோதிக் குளோரின் கசிந்தது. 9 பேர் இறந்தார்கள், சுமார் 5,400 பேரை வெளியேற்றினார்கள். குளோரின் மேகம் எப்படிப் பரவுகிறது என்று பிறகு யூட்டாவின் டக்வே களத்தில் 'ஜாக் ராபிட்' என்ற பெயரில் சோதனைகள் நடந்தன. 2010இல் 1, 2 டன் வெளியிட்டார்கள், 2015-16இல் 20 டன் வரை போனார்கள். அந்த அளவு வேலையை ஒரு மாநிலம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டியதில்லை. அந்தத் தரவை எடுத்து, உங்கள் மாநிலத்தில் தண்டவாளம் ஊடே செல்லும் ஒரு சிற்றூரில் ஆட்களை வெளியேற்றுவதா, வீட்டுக்குள் அடைந்திருக்கச் சொல்வதா, அந்த முடிவுக்குத் தீயணைப்புத் தலைவருக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது மாநிலக் கூட்டமைப்புக்கு ஏற்ற கேள்வி. விடையைப் பயன்படுத்தப்போகிறவர் மாநிலத்துக்குள்ளேயே இருக்கிறார். அவரிடம், அதாவது அவசரநிலை மேலாண்மை இயக்குநரிடமோ மாநிலத் தீயணைப்பு அதிகாரியிடமோ, "இது எங்களுக்கு வேண்டும், தரவு தருவோம், ஓர் ஆளை ஒதுக்குவோம்" என்று கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். வெறும் ஆதரவுக் கடிதம் போதாது. என்ன தரவு, யார், எத்தனை மணி நேரம் என்று அதில் இருக்க வேண்டும்.

இனி வடிவம். தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் மையமாக வைப்பதே நல்லது. தனி நிறுவனமாகப் பதிவு செய்தால் வரித்துறைக்கு 1023 படிவம், 600 டாலர் கட்டணம், 27 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் பதிவு நாளிலிருந்தே வரிவிலக்கு. இதெல்லாம் எளிது. கஷ்டம் பிறகுதான். புதிய நிறுவனத்துக்குத் தணிக்கை வரலாறு கிடையாது, மறைமுகச் செலவு (கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவு) விகிதம் கிடையாது, மத்திய மானியத்தைக் கையாண்ட அனுபவம் கிடையாது. மானியம் கொடுப்பவர் கணக்கில் அது ஆபத்து மிகுந்த பெறுநர். அதைவிட முக்கியம், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சிறப்பு மையங்களுக்குத் தலைமை விண்ணப்பதாரர் உயர்கல்வி நிறுவனமாக இருக்க வேண்டும். உங்கள் தனி நிறுவனம் அந்த வரிசையில் நிற்கவே முடியாது.

மூன்றாவது வழி, சட்டமன்றம் இயற்றும் சட்டம். ஃப்ளோரிடா 2014இல் தன் சைபர் பாதுகாப்பு மையத்தைத் தெற்கு ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் அமைத்தது. மாநில வரவுசெலவில் தனி நிதி ஒதுக்கீடு கிடைப்பது அதன் பெரிய லாபம். ஆனால் வேலை எதையும் காட்டாமல் சட்டம் கேட்டால், ஆளுநர் மாறும்போது அந்த ஒதுக்கீடுதான் முதலில் வெட்டப்படும்.

ஆற்றோரம்

மானியக் கேள்விக்கு மட்டும் பதில். மாநில உள்நாட்டுப் பாதுகாப்புத் திட்டப் பணம் ஐந்து தலைப்புகளுக்கானது: திட்டமிடல், அமைப்பு, கருவி, பயிற்சி, ஒத்திகை. ஆய்வு அதில் இல்லை. அதோடு மாநிலத்துக்கு வருவதில் 80 சதவீதம் 45 நாளுக்குள் உள்ளாட்சிகளுக்குப் போய்விட வேண்டும், நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கருவி வாங்கினால் அங்கீகரிக்கப்பட்ட கருவிப் பட்டியலில் அது இருக்க வேண்டும். ஆய்வகத்துக்கென்று ஒரு நிறமாலைமானி வாங்கி அதைக் "கண்டறியும் கருவி" என்று எழுதினால் தணிக்கையில் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

நேர்மையான வழி ஒன்று உண்டு. மாநிலங்கள் அச்சுறுத்தல், ஆபத்து மதிப்பீட்டைக் குறித்த காலத்தில் செய்து கொடுத்தாக வேண்டும். அது திட்டமிடல் தலைப்பில் வரும் செலவு. மாநிலம் தன்னிடம் வைத்துக்கொள்ளும் 20 சதவீதத்திலிருந்து அந்த மதிப்பீட்டைச் செய்யும் வேலையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாம். இதற்குப் பெயர் சேவை, ஆய்வு அல்ல. கொடுக்க வேண்டிய அறிக்கை, தேதி, விலை எல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்கும். கொள்முதல் விதிகளும் பொருந்தும், ஆகவே இந்த மானியத்தை நிர்வகிக்கும் மாநில முகமையின் கொள்முதல் அதிகாரியிடம் முதலில் பேசுங்கள். இதனால் கிடைக்கும் தொகை சிறியது. ஆனால் மாநிலத்தின் உண்மையான பலவீனங்கள் எவை என்று உங்கள் ஆய்வாளர்கள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆய்வுப் பணத்துக்கு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அறிவியல் தொழில்நுட்ப இயக்ககத்தின் நீண்டகாலப் பொது அறிவிப்பைப் பாருங்கள். சிறப்பு மையம் என்றால் பொருளைத் துறையே தீர்மானித்து அறிவிக்கும். உங்கள் பொருள் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். அதற்குள் ஏற்கெனவே நடக்கும் ஒரு மையத்தில் துணைக் கூட்டாளியாகச் சேர்ந்து பெயர் வாங்குவது விரைவான பாதை.

சுண்ணாம்புக்கல்

மேலே சொல்லப்படாத ஒன்று. தேசிய உள்நாட்டு ஆயத்தக் கூட்டமைப்பு (1998) என்பதைப் பார்த்து, "அதுபோல ஒன்று" என்று வரைவில் எழுதிவிடாதீர்கள். அலபாமாவின் ஆனிஸ்டன் மையம், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், டெக்சஸ் ஏ அண்ட் எம், நியூ மெக்சிகோ டெக் எல்லாம் அதில் இருப்பதால் ஆய்வு அமைப்பு போலத் தோன்றும். அது பயிற்சிக்கான அமைப்பு. பணம் வரும் வழி வேறு, அளவுகோல் வேறு. அங்கே எத்தனை பேருக்குப் பயிற்சி என்று எண்ணுவார்கள். சமுதாயக் கல்லூரிகள் மூன்றும் பயிற்சிப் பக்கம் இழுக்கும் என்பதால் முதல் கூட்டத்திலேயே இதைத் தெளிவாக்கிவிடுங்கள்.

வரகு

ஒப்பந்தம் பற்றி. கூட்டமைப்புகள் நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். அனைவரும் கையெழுத்திடும் புரிந்துணர்வு ஒப்பந்தம் நான்கு பக்கத்தில் முடியட்டும்: நோக்கம், வாக்களிக்கும் முறை, விலகும் முறை, பெயர், இலச்சினைப் பயன்பாடு. பணம் நகர்வது வேறு காகிதத்தில். அதற்குப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்றுக்கொண்ட கூட்டாட்சிச் செயல்விளக்கக் கூட்டாண்மையின் (Federal Demonstration Partnership) துணை மானிய வார்ப்புரு, அதாவது தலைமை நிறுவனம் தன் மானியத்தில் ஒரு பகுதியைக் கூட்டாளிக்குக் கொடுக்கும் ஒப்பந்த மாதிரி, தயாராக இருக்கிறது. புதிதாக எழுத வக்கீல்களை அனுமதித்தால் ஒரு துணை மானியத்துக்கே நான்கு மாதம் போகும்.

இழப்பீட்டு வாசகம் பெரிய முட்டுக்கட்டை. தனியார் பல்கலைக்கழகம் "எங்களுக்கு நேரும் இழப்பை நீங்கள் ஈடுசெய்ய வேண்டும்" என்று கேட்கும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவும் மாநிலச் சட்டத்தால் அப்படி உறுதி கொடுக்கவே முடியாது. "ஒவ்வொருவரும் தத்தம் ஊழியரின் கவனக்குறைவுக்கு, சட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் பொறுப்பு" என்று எழுதினால் இரு பக்கமும் கையெழுத்திடும். எந்த மாநிலச் சட்டம் பொருந்தும் என்ற வரியை மௌனமாக விட்டுவிடுவதும் வழக்கம்தான்.

மறைமுகச் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 அக்டோபர் 1க்குப் பிந்தைய மானியங்களில் ஒவ்வொரு துணை மானியத்தின் முதல் 50,000 டாலருக்கும் தலைமை நிறுவனம் தன் விகிதத்தைச் சேர்க்கலாம் (முன்பு 25,000). விகிதம் 52 சதவீதம் என்று வையுங்கள். ஒரு கூட்டாளிக்கு 26,000, ஆறு பேருக்கு 1,56,000 டாலர். 60,000 டாலர் பெறும் ஒரு சிறு கல்லூரியைச் சேர்க்க 26,000 செலவு என்றால் ஆய்வாளர்கள் கோபப்படுவார்கள். ஆகவே ஒவ்வொரு திட்டத்திலும் ஏழு பேரையும் உட்கார வைக்காதீர்கள். வேலை இருப்பவருக்கு மட்டும் துணை மானியம். மத்திய அரசோடு பேசி முடித்த மறைமுகச் செலவு விகிதம் இல்லாத சமுதாயக் கல்லூரி 15 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள், பலரும் பழைய 10 சதவீதத்தையே எழுதி அனுப்புகிறார்கள்.

கூட்டுக் கண்டுபிடிப்பு. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி, கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்காமலும் கணக்குக் காட்டாமலும் அந்தக் காப்புரிமையைப் பயன்படுத்தலாம், உரிமம் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் இதுதான் நிலை. யார் விண்ணப்பிப்பது, செலவு யாருடையது, வருமானம் எப்படிப் பிரிவது என்பதை முதல் மானியத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். மத்தியப் பணத்தில் நடந்த ஆய்வென்றால் பே-டோல் சட்டத்தின் கெடுவும் உண்டு: ஆய்வாளர் சொன்ன 2 மாதத்துக்குள் முகமைக்குத் தெரிவிக்க வேண்டும், உரிமையை 2 ஆண்டுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். துணைக் கூட்டாளி தாமதித்தால் உரிமை கைநழுவும்.

தானாக முன்வந்து "எங்கள் பங்காக இவ்வளவு தருகிறோம்" என்று விண்ணப்பத்தில் தொகை எழுதாதீர்கள். கேட்காத பங்கைத் தொகையோடு எழுதினாலும் அது கட்டாயமாகிவிடும், தணிக்கையாளர் ஒவ்வொரு டாலருக்கும் தாள் கேட்பார்.

நெல்மணி

மிக்க நன்றி. நான் நினைத்திருந்த வரிசையே தலைகீழ் என்று தெரிகிறது. இரண்டு துணைக் கேள்விகள். எங்கள் ஆய்வகங்களில் பாதிப்பேர் எஃப்-1, எச்-1பி விசாவில் இருப்பவர்கள், நம் ஊர்ப் பிள்ளைகளும் நிறைய. "உள்நாட்டுப் பாதுகாப்பு" என்றதும் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும்தான் என்று ஒரு துறைத் தலைவர் அறிவித்துவிட்டார். அது சரியா? இரண்டு வணிக நிறுவனங்களும் உறுப்பினராகச் சேரக் கேட்கின்றன, சேர்க்கலாமா?

கரிசல்

சரியில்லை, அப்படிப் பொதுவாக அறிவிப்பது சட்டப்படி ஆபத்தும்கூட. சட்டமோ ஒப்பந்தமோ கோராத இடத்தில் வேலையைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்குவது பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் மாட்டும். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள்.

வேலையை மூன்று அடுக்காகப் பிரியுங்கள். முதல் அடுக்கு அடிப்படை ஆய்வு. முடிவுகளைத் தடையின்றி வெளியிடலாம் என்றால் ஏற்றுமதிக் கட்டுப்பாடு (வெளிநாட்டவரிடம் தொழில்நுட்பத்தைப் பகிர்வதையும் ஏற்றுமதியாகக் கருதும் விதி) பொருந்தாது, எந்த நாட்டு மாணவரும் சேரலாம். 1985இல் வந்த தேசியப் பாதுகாப்பு ஆணை 189 முதல் இருக்கும் கொள்கை இது. இந்தப் பாதுகாப்பை இழப்பது மிக எளிது. "வெளியிடுமுன் நிதியளிப்பவரின் ஒப்புதல் வேண்டும்" என்ற ஒரே வரிக்குக் கையெழுத்திட்டால் போதும். தங்கள் ரகசியத் தகவல் தவறி வந்திருக்கிறதா என்று 30 நாள் பார்த்துக்கொள்ள அனுமதிக்கலாம். பார்ப்பது வேறு, ஒப்புதல் வேறு.

இரண்டாம் அடுக்கு, கட்டுப்படுத்தப்பட்ட ஆனால் ரகசிய முத்திரை இல்லாத தகவல். நீர் நிலையத்தின் வரைபடம், துணை மின்நிலையத்தின் பலவீனம் போன்றவை. கட்டுப்பாட்டுக்குட்பட்ட தொழில்நுட்பம் கலந்திருந்தால் குடிமக்கள், பச்சை அட்டை உள்ளவர்கள், அகதி அந்தஸ்து பெற்றவர்கள் உரிமம் இன்றித் தொடலாம். மற்றவர்களுக்கு உரிமம் தேவையா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எச்-1பிக்கான ஐ-129 படிவத்தின் 6ஆம் பகுதியில் பணியளிப்பவர் இதைச் சான்றளித்துத்தான் கையெழுத்திடுகிறார். ஆய்வின் பொருள் நடுவில் மாறினால் அந்தச் சான்று பழையதாகிவிடும். மனிதவளப் பிரிவுக்கு அது தெரியாது, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலர்தான் சொல்ல வேண்டும்.

இந்த அடுக்குக்கு ஆய்வாளரின் மடிக்கணினி உதவாது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வகுத்த 800-171 தகவல் பாதுகாப்புத் தரநிலை, இரண்டாம் திருத்தத்தில் 110 தேவைகள். ஏழு நிறுவனங்களும் தனித்தனியாக அதைக் கட்டினால் பணம் கரைந்துவிடும். தலைமைப் பல்கலைக்கழகத்தில் ஒரே பாதுகாப்புச் சூழல், மற்றவர்கள் அதற்குள் நுழைந்து வேலை செய்வது, தரவு வெளியே போகாதது: இதுதான் நடைமுறையில் ஓடும் முறை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தங்களில் தனிநபர் தகவல் கசிந்தால் 1 மணி நேரத்துக்குள், மற்ற கட்டுப்படுத்தப்பட்ட தகவல் என்றால் 8 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்ற விதி 2023 முதல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு யார் தொலைபேசியை எடுப்பார் என்று இப்போதே பெயர் எழுதி வையுங்கள்.

மூன்றாம் அடுக்கு, ரகசியமாக முத்திரையிட்டவை. நிறுவன கிளியரன்ஸ், அதாவது ரகசியங்களைக் கையாள நிறுவனத்துக்கு அரசு தரும் அனுமதி, நீங்களாக விண்ணப்பித்து வாங்க முடியாது. அரசு முகமையோ ஏற்கெனவே கிளியரன்ஸ் உள்ள ஒப்பந்ததாரரோ பரிந்துரைக்க வேண்டும். அது கிடைக்க மூத்த நிர்வாகியும் பாதுகாப்பு அதிகாரியும் தனிப்பட்ட கிளியரன்ஸ் வாங்கியாக வேண்டும். முதல் மூன்று ஆண்டுக்கு இந்த அடுக்கே வேண்டாம் என்பது என் கருத்து. உறுப்பு நிறுவனம் ஏதாவது ஏற்கெனவே வைத்திருந்தால் அப்படிப்பட்ட வேலை நேராக அதற்குப் போகட்டும்.

பலரும் மறப்பது மாநிலத்தின் தகவல் உரிமைச் சட்டம். அரசுப் பல்கலைக்கழகத்தின் கோப்பு யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியது. நீர் நிலையத்தின் பலவீன அறிக்கையை ஒரு மின்னஞ்சலில் இணைத்துவிட்டு "ரகசியம்" என்று தலைப்பில் எழுதினால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. மாநிலச் சட்டத்தில் விலக்கு எங்கே இருக்கிறது, அது பல்கலைக்கழகத்துக்கும் பொருந்துமா, துறைகளுக்கு மட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் சட்டமன்றத்தில் கேட்க வேண்டியது நிதி ஒதுக்கீட்டைவிட முதலில் இந்தத் திருத்தம்தான். மின்வாரியங்களும் ரயில் நிறுவனங்களும் இதைப் பார்த்துவிட்டுத்தான் தரவு தரும்.

வணிக நிறுவனங்களைச் சேர்க்கலாம், ஆலோசனை இருக்கையில் மட்டும். எந்த ஆய்வுக்குப் பணம் என்று வாக்களிக்கும் இடத்தில் வேண்டாம். உண்மையிலேயே கூட்டு ஆய்வு செய்வதாக இருந்தால் 1993 தேசியக் கூட்டு ஆய்வு, உற்பத்திச் சட்டப்படி ஒப்பந்தமான 90 நாளுக்குள் நீதித்துறைக்கும் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கும் அறிவித்துவிடுங்கள். பின்னால் போட்டிச் சட்ட வழக்கு வந்தாலும் மும்மடங்கு இழப்பீடு வராது. கேமரா, ரேடியோ இலவசமாகத் தருகிறோம் என்றால் பெட்டியைப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 13 முதல் ஹிக்விஷன், டாஹுவா, ஹைடெரா, ஹுவாவே, இசட்டிஇ கருவிகளை மத்திய மானியப் பணத்தில் வாங்கக்கூடாது.

பனிமலை

கரிசல் சொன்னதோடு கான்சாஸைச் சேர்த்துப் பாருங்கள். நியூயார்க்கின் பிளம் தீவில் 1954 முதல் இருந்த கால்நடை நோய் ஆய்வகத்துக்கு மாற்றாக ஒன்றைக் கட்ட உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இடம் தேடியபோது கான்சாஸில் பல்கலைக்கழகம், மாநில அரசு, கால்நடைத் தொழில் மூன்றும் ஒரே குரலில் பேசின. உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகம் ஒன்றும் கான்சாஸின் மன்ஹாட்டன் நகரில் ஏற்கெனவே இருந்தது. 2008 டிசம்பரில் அந்த நகரமே தேர்வானது. மாநிலம் 30 கோடி டாலருக்கு மேல் போட்டது, மொத்தச் செலவு 125 கோடி.

ஆனால் மாட்டுப் பண்ணைகளின் நடுவில் கோமாரி நோய்க் கிருமியை வைப்பதா என்ற கேள்வி நின்றது. 2010இல் தேசிய ஆய்வு மன்றம், துறையின் சொந்த மதிப்பீட்டை வைத்துப் பார்த்தால் 50 ஆண்டில் கிருமி வெளியேறித் தொற்றும் வாய்ப்பு 70 சதவீதத்தை நெருங்குகிறது என்று சொன்னது. சுழற்காற்றைத் தாங்கும்படி வடிவமைப்பை மாற்றினார்கள், மறு மதிப்பீடு செய்தார்கள், ஆண்டுகள் போயின. 2019இல் பொறுப்பு வேளாண் துறைக்கு மாறியது, திறப்பு விழா 2023 மேயில் நடந்தது. உங்கள் பொருள் கால்நடையோ வேதிப்பொருளோ எதுவானாலும் பண்ணைக்காரர், ஊர் மன்றம், செவிலியர் சங்கம் ஆகியோரை ஆய்வுத் திட்டம் எழுதும்போதே உட்கார வையுங்கள். அவர்களின் அச்சம் நியாயமானது, அதற்குக் கணக்கோடு பதில் சொல்வதும் ஆய்வின் பகுதிதான்.

முதல் ஆண்டு வரிசை கேட்டீர்கள். முதல் இரண்டு மாதம் பயனாளர்களிடம் பேசி ஒரே கேள்வியைத் தேர்ந்தெடுத்து அந்த ஒரு பக்கக் கடிதத்தை வாங்குவது. அடுத்த மூன்று மாதம் நான்கு பக்க ஒப்பந்தம், கண்டுபிடிப்பு உடன்பாடு, தகவல் அடுக்கு விதிகள். மனிதர்களிடம் நேர்காணல் உண்டென்றால் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே நெறிக்குழு போதும். 2020 ஜனவரி 20 முதல் மத்தியப் பணத்தில் நடக்கும் பல நிறுவன ஆய்வுக்கு அதுவே விதி, அதற்கான ஒப்புகைத் தாள்களை இதோடு முடித்துவிடுங்கள். ஆறாம் மாதத்திலிருந்து தலைமைப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணத்தில் ஒரு சிறு முன்னோட்டம், இரண்டு நிறுவனம் மட்டும். அது மாநில அதிகாரியின் மேசையில் அறிக்கையாக விழுந்த பிறகு மத்திய விண்ணப்பம்.

இடையில் ஒன்று. மத்திய மானியம் பெறுவோர் பதிவு செய்யும் சாம் (SAM.gov) தளத்தில் ஏழு நிறுவனங்களின் பதிவும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். சமுதாயக் கல்லூரியில் அந்த வேலையைப் பார்த்தவர் ஓய்வுபெற்றிருப்பார், நினைவூட்டல் அஞ்சல் அவர் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். விண்ணப்பக் கடைசி வாரத்தில் அதைக் கண்டுபிடித்தால் சரிசெய்ய நேரம் போதாது.